உலைக்கு முன் இலை

சோறு வேகும் முன்பே இலை போடுகிறவர்கள் சிலர் உண்டு. அக்கா அந்த ரகத்தில் சேர மாட்டாள். உலை கொதிக்கும் முன்பே இலை போட்டு, சாப்பிட்டு, ஏப்பமும் விட்டு, "சாம்பார்ல உப்பு மட்டும் ஒரு கல்லு கம்மி புள்ள" என்றும் சொல்லி முடித்துவிடுவாள்.

அவள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதுகிற சேதி காதுக்கு எட்டினால் போதும், இது அச்சாவதற்குள் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்துவிடுவாள். இப்போது கணவரோடு கோயம்புத்தூர் பக்கம் இருக்கிறாள் என்று கேள்வி. அந்தத் தெருவின் பாடு எப்படியோ, நான் பெரம்பலூரில் பட்டது எனக்குத் தெரியும்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில், வண்டியைச் சரக்கோடு ஏற்றி நிறுக்கிற எடைமேடை ஒன்று இருந்தது. இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் நாங்கள் இரண்டு பேரும் அங்கே வேலை பார்த்தோம். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் லாரிகளும், வேப்பந்தட்டை, அரும்பாவூர்ப் பக்கமிருந்து பருத்தியும் மக்காச்சோளமும் ஏற்றிய டிராக்டர்களும் வரும். சீட்டுக் கொடுக்கிற வேலை எனக்கு. கம்ப்யூட்டர் முழுக்க அக்காவின் பொறுப்பு.

அதற்கு முன் அவள் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். முதலாளி அங்கே போய், எடைமேடைக்கு ஒரு ப்ரோகிராம் வேண்டும், பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார். பாதி வாக்கியத்திலேயே "நானே வரேங்க" என்றிருக்கிறாள். சாயங்காலமே சென்டர் வேலையை விட்டாகிவிட்டது. சம்பளம் என்ன என்று மறுநாள்தான் கேட்டாளாம்.

அவள் ஊருக்கு அதற்குள் சேதி போய்விட்டது. அவள் அப்பா காலம் வரை அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்த குடும்பம். வீட்டில் முதலில் காலேஜ் முடித்தது அவள்தான். அவள் அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம், "எம்பொண்ணுதான் அங்க எடைக்கே பொறுப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது எடைமேடைக்குக் கம்ப்யூட்டரே வந்திருக்கவில்லை.

கைப்பையில் எப்போதும் ஒரு பொட்டலம் தேன்மிட்டாய் இருக்கும். ஏதாவது ஒன்று நடக்கப் போகிற மாதிரி தெரிந்தாலே போதும், பொட்டலம் பிரிந்துவிடும். பஸ் ஸ்டாப்பில் தூரத்துப் புழுதியைப் பார்த்தே "நம்ம பஸ்ஸு வந்துருச்சு" என்பாள். வருவது தண்ணி லாரியாக இருக்கும். முகத்தில் ஒரு வாட்டமும் இருக்காது. அடுத்த புழுதிக்கும் அதே உற்சாகத்தோடு கிளம்புவாள்.

நான் நேர் எதிர். வெந்ததை நசுக்கிப் பார்த்தால்தான் நம்புவேன்.

"பதறாத காரியம் சிதறாதுக்கா" என்பேன்.

"சந்தோசத்த நாளைக்குன்னு எடுத்து வச்சா ஊசிப் போயிரும் புள்ள" என்பாள்.

இந்தக் குணத்தால் நான் அழுத நாளும் உண்டு. ஒருநாள் காலையில் எனக்கு வயிற்றைப் பிரட்டிக்கொண்டு வந்தது. முந்தின நாள் மிச்சமிருந்த பூரிக்கிழங்கைத் தின்ற வினை. நான் பின்பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டு வருவதற்குள், மேடையில் நின்ற லாரி டிரைவர் வாயில் தேன்மிட்டாய் இருந்தது. அவருக்குப் பின்னால் நின்றவர் வாயிலும் இருந்தது. "தங்கச்சிக்கு விசேசம்" என்று அக்கா விநியோகித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடி, கோயில் கோயிலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. டிரைவர்கள் ரொம்ப நாள் எனக்கு மாங்காய் கொண்டுவந்து கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு வாங்கி வைப்பேன். ஒருநாள் மேஜை மேல் மாங்காயைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "நெசமா வரும்போதும் நாந்தான் மொதல்ல சொல்வேன், பாத்துக்க" என்றாள். அறையலாமா என்று இருந்தது. சிரிப்பும் வந்தது. மாங்காயை உப்பு மிளகாய்த்தூள் போட்டு இரண்டு பேரும் தின்றோம்.

எடைமேடைக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் அறையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். மேடையில் வண்டி ஏறியதும் அதில் சிவப்பு எண் ஓடும். அது எங்களைப் பார்த்து இருந்தது. வெளியே நிற்கிறவருக்கு அதன் முதுகுதான் தெரியும். கடைசியில் கையில் கிடைப்பது இங்கிலீஷில் அடித்த ஒரு சீட்டு. ஒருநாள் மக்காச்சோளம் கொண்டுவந்த பெரியவர் ஒருவர், சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஜன்னல் கம்பி வழியாகக் கேட்டார்.

"நீங்க உள்ள உக்காந்து என்னமோ பாக்குறீங்க. சொல்றீங்க. நாங்களும் சரின்னுட்டுப் போறோம். அத எங்களுக்குங் காட்டுனா தேஞ்சா போயிரும்?"

எனக்கு அது தினமும் கேட்கிற சலிப்புதான். அக்காவுக்கு அது நெருப்பு பற்றியது மாதிரி ஆகிவிட்டது. அன்றே முதலாளியிடம் போய் நின்றாள். ஒரு பழைய மானிட்டர் வாங்கி வெளியே பார்க்க வைப்போம், அதில் எடை பெரிதாகத் தமிழில் தெரியட்டும் என்றாள். முதலாளி கெட்டவர் இல்லை. வியாபாரிகள் கோபித்துக்கொண்டு வேறு மேடைக்குப் போய்விடுவார்களோ என்ற பயம் மட்டும் அவருக்கு எப்போதும் உண்டு. "வேலை கெடாமச் செய்யிங்க" என்றார். அக்கா வெளியே வந்ததும் பொட்டலத்தைப் பிரித்தாள்.

வேலை கெடாமல் செய்வதில்தான் சிக்கல். அக்கா எழுதியிருந்த எடை ப்ரோகிராம் சி மொழியில் இருந்தது. மேடைக்கு அடியிலிருந்து வருகிற எடையை ஓயாமல் கேட்டு வாங்கிக்கொண்டே இருப்பதுதான் அதன் பிழைப்பு. அதில் ஒரு எழுத்தை மாற்றவும் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். திருத்தி, மறுபடி கம்ப்யூட்டருக்குப் புரிகிறபடி மாற்றி, மறுபடி கிளப்ப வேண்டும். அதற்குள் வெளியே லாரிகள் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்துவிடும்.

"ப்ரோகிராமுக்குள்ளயே ஒரு ஸ்கிரிப்ட் இன்டர்ப்ரெட்டரக் குடி வச்சிருவோம் புள்ள" என்றாள் ஒருநாள், கண்ணெல்லாம் மின்ன. "நாம ஒரு ஃபைல்ல, விண்டோவத் தொற, நம்பரப் பெருசாப் போடு, பச்சக் கலரு குடுன்னு எழுதி வச்சாப் போதும். உள்ள இருக்கறது அதப் படிச்சுப் படிச்சுச் செஞ்சிரும். நாளைக்கு எதாச்சும் மாத்தணும்னா ஃபைல மாத்திட்டு, இன்னொரு தரம் படின்னா படிச்சுக்கும். எடை அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்."

எனக்குப் புரிந்த அளவில் இது கல்யாணப் பந்தி விவகாரம். சமையல்காரர் அடுப்பை விட்டு நகரக் கூடாது. பந்தியில் என்ன நடக்க வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், பார்த்து நடத்த உள்ளேயே ஒரு பரிமாறுகிற ஆள் வேண்டும்.

அந்த ஆள், அதாவது அந்த இன்டர்ப்ரெட்டர், மெட்ராஸிலிருந்து வர வேண்டியிருந்தது. எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் அவ்வளவு பெரிய ஃபைலை இறக்கினால் அடுத்த பொங்கலுக்குத்தான் கிடைக்கும். அக்காவின் சிநேகிதி ஒருத்தி மெட்ராஸில் படித்துக்கொண்டிருந்தாள். திருச்சிக்கு ரயிலில் வரும்போது, அரியலூர் ஸ்டேஷனில் ஜன்னல் வழியாக சிடியைக் கொடுப்பதாக ஏற்பாடு. ரயில் அங்கே மூச்சு விடுகிற நேரம்தான் நிற்கும். நாங்கள் இரண்டு பேரும் பிளாட்பாரத்தில் ஓடியதை ஸ்டேஷனே வேடிக்கை பார்த்தது. சிடி கைக்கு வந்ததும் அக்கா முன்பின் தெரியாத போர்ட்டருக்கு மிட்டாய் கொடுத்தாள். வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்து கம்ப்யூட்டரில் போட்டால், அத்தனையும் அம்மன் பாட்டு. சிநேகிதி அவள் அம்மாவுக்காக வாங்கிய சிடி அது.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு" என்றாள் அக்கா. அன்று முழுக்க எடைமேடையில் அம்மன் பாட்டு ஓடியது. மறுநாள் திருச்சிக்கே போய்ச் சரியான சிடியை வாங்கி வந்தாள்.

பிறகு அவளைப் பார்க்க வேண்டுமே. வண்டி இல்லாத நேரமெல்லாம் தட்டிக்கொண்டே இருந்தாள். தமிழ் எழுத்து திரையில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறி வந்தது. கோபித்துக்கொண்டு, சொற்களைப் படமாக வரைந்து ஒட்டிவிட்டாள். மானிட்டரில் வெயில் விழாமல் இருக்க நான் அட்டைப்பெட்டியை வெட்டி அதற்கு ஒரு கூரை செய்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், மேடையில் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று நின்றபோது அக்கா அதைக் கிளப்பினாள். கறுப்புத் திரையில் ஒரு விண்டோ பளிச்சென்று திறந்தது. 'எடை' என்று தமிழில் இருந்தது. கீழே பச்சையில் முழங்கை நீளத்துக்கு எண். என் உடம்பு சிலிர்த்ததை நான் மறைக்கப் போவதில்லை.

"வந்துருச்சு" என்று அக்கா போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்தார். மிட்டாய் பறந்தது. நான் தடுப்பதற்குள் முதலாளி வீட்டுக்கும், ஊரில் போன் வைத்திருந்த கடைக்கும் அக்கா சேதி சொல்லிவிட்டாள். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

லாரி இறங்கிப் போனது. அடுத்து வெங்காயம் ஏற்றிய மினிடோர் என்கிற மூன்று சக்கர வண்டி ஒன்று ஏறியது. திரையில் லாரியின் எடையே நின்றது. மினிடோர்க்காரர் கீழே இறங்கி வந்து திரையைப் பார்த்தார். தன் வண்டியைப் பார்த்தார்.

"ஏங்க, என் வண்டி இம்புட்டுக் கனமா? சொல்லவே இல்லையே."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்து வந்த காலி டிராக்டருக்கும் அதே எண். அறைக்குள் ப்ரோகிராம் கல்லாகிக் கிடந்தது. எடையும் வரவில்லை, சீட்டும் அடிக்கவில்லை. அக்கா எல்லாவற்றையும் நிறுத்திப் பழையதைக் கிளப்புவதற்குள் சாலை வரை வண்டிகள் நின்றுவிட்டன.

முதலாளி சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை பருத்தி வர்ற நாளு. அன்னிக்கு ஒரு தரம் போட்டுப் பாருங்க. அப்பவும் இப்படி நின்னுச்சுன்னா திருச்சிலேருந்து ரெடிமேடா மாட்டுறவங்கள வரச் சொல்லிருவேன். அவங்களே ஆளும் போட்டுக்குவாங்க. நீங்க சென்டருக்கே போயிருங்கம்மா."

சென்டரில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்து மாதங்கள் ஆகியிருந்தன. ஊரிலோ மேடையே அவளுடையது என்று பேச்சு. அன்று மத்தியானம் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பேச்சுக் கொடுக்கக் கேட்டேன்.

"ஏங்க்கா, அந்த ஆளு விண்டோவத் தொறந்துச்சுல்ல. தொறந்துட்டு அப்பறம் என்னா பண்ணுச்சு?"

"யாராச்சும் மவுஸ அமுக்குவாங்களா, கீயத் தட்டுவாங்களான்னு காத்துக்கிட்டு இருக்கும்."

"எதுவரைக்கும்?"

"விண்டோவ மூடுற வரைக்கும்."

"அப்ப எடைய யாரு கேக்குறது?"

அக்கா என்னைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். சமையல்காரர் கரண்டியோடு போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்டிருக்கிறார். பந்தி முடியும் வரை வர மாட்டார். அடுப்பில் ஆளில்லை. விண்டோவைத் திறக்கச் சொன்னவள், திறந்த கையோடு வேலைக்குத் திரும்பி வா என்று சொல்லவில்லை. திறந்ததைப் பார்த்ததும் மிட்டாய் கொடுக்கப் போய்விட்டாள்.

புதன், வியாழன் இரண்டு நாளும் அதைத் திருத்தினாள். ஒவ்வொரு முறை எடையை வாங்கியதும் விண்டோவுக்கு ஒரு கணம், வேலை இருந்தால் செய், இல்லையென்றால் உடனே திரும்பு. இப்படி மாறி மாறி. வியாழன் சாயங்காலம் நான் மேடைக்கு ஓடி ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். உள்ளேயிருந்து அக்கா கையைக் கையை ஆட்டினாள். அவளுக்குச் சொல்லத் துடித்தது. உள்ளே ஓடிப்போய் "நாளைக்குக்கா" என்று அவள் வாயைப் பொத்தினேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து பருத்தி வண்டிகள். முதல் டிராக்டர் ஏறியது. எண் விறுவிறுவென்று ஓடிப்போய் நின்றது. டிராக்டர் இறங்கியது. எண் பூஜ்யத்துக்கு வந்தது. அடுத்த வண்டிக்கு அடுத்த எண். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் இரண்டு உடைந்தன.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். திரையை நன்றாகப் பார்க்க டிராக்டரிலிருந்து குதித்தார். எண் குறைந்தது. மறுபடி ஏறினார், கூடியது. "ஏய், என்னைய நிறுக்குதுடா" என்று கத்தினார். அவ்வளவுதான். வரிசையில் நின்ற ஆட்களெல்லாம் ஒருவர் பின் ஒருவராக மேடைக்கு வந்து ஏறிப் பார்த்தார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேர் யார் கனம் என்று பந்தயமே கட்டினார்கள். விரட்ட வந்த முதலாளியை ஒருவர் கையைப் பிடித்து இழுத்து மேடையில் நிறுத்தினார். எண்பது என்று காட்டியதும் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டார். திருவிழாவில் ராட்டினத்தைச் சுற்றிக்கூட அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு காலி டிராக்டர் திரும்பி வந்தது. வாலிகண்டபுரத்திலிருந்து பருத்தி கொண்டுவந்த ஒரு அம்மாவுடைய சரக்கை வியாபாரியின் குடோனில் இறக்கிவிட்டு வந்த வண்டி. முறை இதுதான். சரக்கோடு ஒரு எடை, இறக்கியபின் காலி வண்டிக்கு ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பருத்தி. அந்த அம்மா நடந்து வந்து திரைக்கு எதிரே நின்றார். டிராக்டர் மேடையில் நின்றது. மூட்டை தூக்குகிற ஆட்கள் நாலு பேர் பின்னால் டிரைலரில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் அறையிலிருந்து பார்த்தால் டிராக்டரின் முன்பக்கம்தான் தெரியும்.

"தம்பி, எல்லாரும் எறங்குங்க" என்றார் அந்த அம்மா.

"எப்பவும் இப்படித்தாம்மா போடுவாங்க" என்றான் ஒருவன்.

"பருத்திய நிறுக்கையில நீங்க யாரும் மேல இல்ல. இப்ப காலி வண்டில நாலு பேரு இருக்கீங்க. அவ்வளவும் எம் பருத்தியிலதான கழியும்?"

வியாபாரி முதலாளியிடம் வந்தார். "என்னண்ணே இது, புதுப் பழக்கமா இருக்கு? மொதல்ல அந்த டிவியத் திருப்பி வைங்க. இல்ல, எங்க வண்டியெல்லாம் வேற எடத்துக்குப் போகும்."

அது ஏமாற்றா, வெறும் பழக்கமா, எனக்கு இன்றும் தெரியாது. முதலாளி எங்கள் பக்கம் திரும்பினார். அக்கா எழுந்து நின்றாள். ஓடுகிற திரையை நிறுத்தச் சொல்லிவிட்டால் அவளுக்கு இங்கே வேலை ஏது?

அந்த அம்மா முதலாளியைப் பார்த்துச் சாதாரணமாகத்தான் கேட்டார். "ஐயா, நீங்க ஒருத்தரு ஏறுனதுக்கே எண்பது காட்டுச்சு. இவங்க நாலு பேருக்கு எம்புட்டு ஆகும்?"

முதலாளி திரையைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். அத்தனை பேரும் அவர் எடையைக் கண்ணால் பார்த்தவர்கள்.

"ஆளுங்கள எறங்கச் சொல்லுங்க" என்றார் வியாபாரியிடம். "எடை போடணும்."

நாலு பேரும் இறங்கினார்கள். ஒவ்வொருவரும் இறங்க இறங்க எண் குறைந்தது. கூட்டம் வாய்விட்டு எண்ணைப் படித்தது. வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். முதலாளி கம்பியருகே வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏம்மா, ஒவ்வொருத்தருகிட்டயும் நான் சண்டை போட முடியாது. ஆளு எறங்கணும்னு அதுலயே எழுதிப் போட முடியுமா?"

"முடியுங்க."

"எம்புட்டு நேரம் நிறுத்தணும்?"

"நிறுத்தவே வேணாங்க" என்றாள் அக்கா.

திருச்சிக்காரர்களைப் பற்றி அவர் அதன்பின் பேசவே இல்லை. அக்கா சொற்களைப் படமாக வரைந்தாள். இரண்டு முறை அழித்து எழுதினாள். ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்து, மறுபடி படி என்றாள். அப்போது மேடையில் ஒரு பருத்தி வண்டி ஏறிக்கொண்டிருந்தது. எண் ஓட்டம் தடைபடவில்லை. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அடியில் ஒரு வரி வந்து உட்கார்ந்தது: 'ஆட்கள் இறங்கிய பிறகே எடை.'

"என்னா எழுதிருக்கு?" என்று அந்த அம்மா கேட்டார். பக்கத்தில் நின்றவர் படித்துச் சொன்னார். அம்மா தலையை ஆட்டிவிட்டுச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டார்.

அடுத்து ஒரு காலி டிராக்டர் மேடை ஏறியது. யாரும் இறங்கச் சொல்லவில்லை. டிரைலரில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குதித்து இறங்கினார்கள்.